கிளாஷ் ஆஃப் கிளான்ஸ், கிளாஷ் ராயல்: ஆள் குறைவது எதில்?

"சிஓசி (கிளாஷ் ஆஃப் கிளான்ஸ்) எல்லாம் இன்னும் யாராவது ஆடுறாங்களா?" என்று கேட்பவர் பெரும்பாலும் டவுன் ஹால் 9 என்ற நிலையில் ஆட்டத்தை விட்டவராக இருப்பார். அவரிடமே கிளாஷ் ராயலைப் பற்றிக் கேளுங்கள், "அது எப்பவோ செத்துப்போச்சே" என்பார். 2025-இன் நடுவில் அந்தச் செத்த ஆட்டம் எழுந்து உட்கார்ந்தது அவருக்குத் தெரிந்திருக்காது.

இரண்டுமே ஹெல்சிங்கியில் இருக்கும் சூப்பர்செல் நிறுவனத்தின் மொபைல் ஆட்டங்கள். முதலாவது, ஊர் கட்டிப் படை திரட்டி அடுத்தவர் ஊரைத் தாக்குவது; இரண்டாவது, இருவர் நேருக்கு நேர் மோதும் கார்டு சண்டை. கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் 2012 ஆகஸ்டில் ஐஃபோனுக்கும் அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. ராயல் 2016 மார்ச்சில் வந்தது. வீரர்களும் அதே பார்பேரியன், அதே ஹாக் ரைடர்தான், இரண்டும் இலவசம். ஆனால் ஆள் கழலும் விதம் மட்டும் இரண்டிலும் வேறு வேறு.

எதை வைத்து அளப்பது என்பதே முதல் சிக்கல். பிளே ஸ்டோரில் இரண்டுக்கும் 50 கோடிக்கு மேல் பதிவிறக்கம் காட்டுகிறது. அந்த எண் ஏறுமே தவிர இறங்காது; நேற்று அழித்துவிட்டுப் போனவரும் அதில் ஒருவர். வருமானத்தைப் பார்க்கலாமா என்றால், சூப்பர்செல்லின் 2024 வருமானம் சுமார் 280 கோடி யூரோ, முந்தைய ஆண்டைவிட 77 சதவீதம் கூடுதல். அந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் அதே நிறுவனத்தின் இன்னொரு ஆட்டமான பிரால் ஸ்டார்ஸ். தம்பி சம்பாதித்ததை அண்ணன்கள் கணக்கில் எழுத முடியாது. ஆகவே ஆட்டத்துக்குள்ளே இறங்கித்தான் தடயம் தேட வேண்டும்.

கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் தடயத்துக்குப் பஞ்சமே இல்லை. கிளான் என்ற ஆட்டக்காரர் குழுவின் பட்டியலில் 50 பெயர் இருக்கும். இன்னொரு கிளானோடு வார் தொடங்கும்போது 10 பேரைச் சேர்ப்பதற்குள் தலைவருக்கு வாய் வலித்துவிடும். அட்டாக்குக்கு ஆள் தேடினால் கைவிடப்பட்ட ஊர் ஒன்று வரும். கோல்டு மைனும் எலிக்ஸர் கலெக்டரும் நிரம்பி வழியும், புதரும் மரமும் மண்டிக் கிடக்கும். போனவர் விட்டுச்சென்ற ஊர், இருப்பவருக்கு லூட், அதாவது கொள்ளை. யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பதை இவ்வளவு நேராகச் செய்துகாட்டும் ஆட்டம் வேறு இருக்கிறதா, தெரியவில்லை. இப்படி ஆள் போனது கண்ணுக்குத் தெரிவதாலேயே, உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்ததுபோல ஒரு தோற்றம் வந்துவிடுகிறது.

ஏன் போகிறார்கள்? காத்திருப்பு. மேல் நிலைகளில் ஒரு கட்டடத்தை ஏற்றப் பல நாள் ஆகும், பில்டர்களோ ஐந்தாறு பேர்தான். முன்பெல்லாம் படை தயாராகவும் காத்திருக்க வேண்டும். 2022 ஜூனில் படைக்கான செலவை எடுத்தார்கள், 2025 மார்ச்சில் அதற்கான நேரத்தையும் எடுத்துவிட்டார்கள். இரண்டாவதைச் செய்ய மிகவும் தாமதித்துவிட்டார்கள் என்பேன். அதே சமயம், "படை ரெடியாகட்டும்" என்று போனைக் கீழே வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம்தான் பலரைப் பத்து வருடம் இந்த ஆட்டத்தோடு கட்டிவைத்தது என்பதையும் மறுக்க முடியாது. இங்கே யாரும் கோபித்துக்கொண்டு போவதில்லை. பரீட்சை வரும், வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், ஒருநாள் திறக்க மறந்துபோகும். அவ்வளவுதான்.

ராயலில் கதை வேறு. மூன்று நிமிடம், கட்டில் 8 கார்டு, எதிரே உயிருள்ள ஒரு ஆள். தோற்றால் அவர் அனுப்பும் ராஜா சிரிப்பு எமோட் "ஹீ ஹீ ஹா ஹா" என்று காதில் விழும். இங்கே விலகல் ஒரே நொடியில், கோபத்தில் நடக்கிறது. போனவரின் சுவடும் தெரிவதில்லை. அடுத்த ஆட்டத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார்.

தோல்வியைவிடப் பெரிய காரணம் கார்டுகளின் லெவல். 2018-இல் எல்லாக் கார்டுகளுக்கும் உச்சம் 13 என்று வைத்தார்கள். 2021-இல் 14, 2022-இல் 15, 2025 இறுதியில் 16. நடுவே 2023-இல், கார்டுகளின் வலிமை கூடிய வடிவமான எவல்யூஷன் வேறு. ஒவ்வொரு லெவலுக்கும் கார்டின் வலிமை ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். கேட்கச் சின்னக் கணக்குதான். ஆனால் சம லெவலில் லாக் என்ற மரக்கட்டை கார்டை உருட்டினால் விழுந்துவிடும் பிரின்சஸ் என்ற வில்லாளி, இரண்டு லெவல் மேலே இருந்தால் தப்பி நின்று அம்பு விட்டுக்கொண்டே இருப்பாள். திறமை ஒன்றுதான், முடிவு வேறு. வாசலை நெருங்கும்போதெல்லாம் வாசலையே தள்ளிவைத்தால் எத்தனை பேர் நடப்பார்கள்? 2022-இல் 15 வந்தபோது எழுந்த கூச்சலைப் பார்த்த யாருமே இந்த ஆட்டம் தேறும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள்.

கட்டியிருந்தால் ஜெயித்திருப்பார்கள். 2025-இல், ஜெயித்தால் கிடைக்கும் பரிசுப் பெட்டியைத் திறக்க மணிக்கணக்கில் காத்திருக்கும் முறையைத் தூக்கினார்கள். ஜூன் இறுதியில் மெர்ஜ் டாக்டிக்ஸ் என்ற புது ஆட்ட முறையைச் சேர்த்தார்கள். அதே சமயத்தில் ஜின்க்ஸி என்ற அமெரிக்க ஸ்ட்ரீமர் நேரலையில் ராயல் ஆடத் தொடங்க, அதைப் பார்த்துப் பழைய ஆட்கள் திரும்பினார்கள், புதியவர்களும் வந்தார்கள். நிறுவனம் செய்த மாற்றத்தைவிட ஸ்ட்ரீமருக்கே இதில் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு. சரி, வந்த கூட்டத்தைப் பிடித்துவைத்தார்களா? சில மாதங்களிலேயே லெவல் 16-ஐ அறிவித்து மறுபடி சண்டையை இழுத்துக்கொண்டார்கள். ராயலின் கூட்டம் திருவிழாக் கூட்டம். தேர் நகரும் தெருவில்தான் நிற்கும்.

திரும்பி வருபவருக்கு எது நல்லது என்று கேட்டால் நான் கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் பக்கம். 2023 டிசம்பரில் ஹீரோக்களுக்கான கருவிகளாக வந்த ஹீரோ எக்விப்மென்ட், 2024 நவம்பரில் வந்த டவுன் ஹால் 17 என்று ஏகப்பட்டது சேர்ந்திருப்பதால் முதல் வாரம் தலை சுற்றும். ஆனாலும் விட்ட இடத்தில் ஊர் அப்படியே நிற்கும். ராயலிலோ, நீங்கள் இல்லாத காலத்தில் மற்றவர்கள் லெவல் ஏறியிருப்பார்கள்; பழைய கோப்பைகளோடு உள்ளே போய் ஒரு மாலை முழுக்க அடி வாங்க வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு இது தலைகீழ். ராயலில் ஒரு வாரத்தில் ஆட்டம் பிடிபடும். கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் உச்சத்தைத் தொட வருடங்கள் வேண்டும்.

இரண்டுமே சாகவில்லை என்பதற்கு எனக்குப் பெரிய ஆதாரம் சூப்பர்செல்லின் சுபாவம்தான். எடுபடாத ஆட்டத்தைத் தயங்காமல் மூடுகிற நிறுவனம் அது. 2024 மே மாதம் தடபுடலாக வெளியிட்ட ஸ்குவாட் பஸ்டர்ஸ் என்ற ஆட்டத்தை நிறுத்தப்போவதாக 2025 அக்டோபரிலேயே சொல்லிவிட்டார்கள். அந்தக் கை இந்த இரண்டு கிழங்களுக்கு இன்னும் புதுச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் கிளானில் 2019-இல் காணாமல்போன ஒருவர் போன மாதம் வந்தார். வந்ததும் புதரையெல்லாம் வெட்டினார், பழைய கிறிஸ்துமஸ் மரங்களை மட்டும் விட்டுவைத்தார். எத்தனை வருடத்து ஆள் என்று காட்டுவதற்கு அதுதானே சாட்சி. அன்றைக்கே வாரில் சேர்த்துக்கொண்டோம். இரண்டு அட்டாக்கிலும் மூன்றுக்கு ஒவ்வொரு ஸ்டார்தான். யாரும் திட்டவில்லை, பத்தாவது ஆள் கிடைத்ததே போதும்.