ஒரே பந்தயம், இரண்டு 'நிச்சயக்' குதிரைகள்: ஆல்-வெதர் டிப்ஸுக்குக் காசு கட்டுபவர்களுக்கு

போன மாரியில், எந்தக் குதிரை வெல்லும் என்று சொல்லும் 'டிப்ஸ்' விற்பவர் ஒருவரை நம்பி 592 பவுண் தொலைத்தேன். இதெல்லாம் ஒரு காசா என்று கேட்பவர்களும் இருப்பீர்கள். பெற்றோல் செட்டில் இரவு வேலை பார்ப்பவனுக்கு அது ஒரு கிழமைச் சம்பளத்துக்கும் மேல். வீட்டில் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை.

ரேஸ் கூடாது என்று உபதேசம் செய்ய நான் ஆளில்லை. என் அப்பா கொழும்பில் புக்கி கடையில் இங்கிலாந்துக் குதிரைகளுக்குக் காசு கட்டியவர். கெம்ப்டன், லிங்ஃபீல்ட் என்ற பெயர்களை விமானம் ஏற முந்தியே அவர் வாயால் கேட்டு வளர்ந்தவன் நான். ரேஸில் தோற்றிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இது வேறு கதை.

டெலிகிராமில் ஒரு சானல். நடத்துபவர் நம்மாள், நல்ல யாழ்ப்பாணத் தமிழில் குரல்பதிவு போடுவார். பெயர் இங்கே வேண்டாம். சொன்னாலும் பிரயோசனமில்லை, அது அவருடைய சொந்தப் பெயர் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஒரு கிழமை இலவசம், பிறகு மாதம் 49 பவுண். ஆல்-வெதர் பந்தயம் மட்டும்தான் அவர் தொழில். ஏன் அது மட்டும் என்று அப்போது யோசிக்கவில்லை.

தெரியாதவர்களுக்கு: ஆல்-வெதர் என்றால் புல் இல்லாத தளம். மணல், செயற்கை நார், மெழுகு கலந்து போட்டிருப்பார்கள். இங்கிலாந்தில் 1989இல் லிங்ஃபீல்டில் தொடங்கியது. இப்போது ஆறு மைதானங்கள்: லிங்ஃபீல்ட், சவுத்வெல், வொல்வர்ஹம்டன், கெம்ப்டன், செம்ஸ்ஃபோர்ட், நியூகாசில். புல் தளம் ஒரு மழைக்குச் சேறாகிவிடும்; இது அப்படி மாறாது. மாரி முழுக்க, கிழமை நாளிலும் இரவு விளக்கு வெளிச்சத்தில், பார்த்த குதிரைகளே திரும்பத் திரும்ப ஓடும். உட்கார்ந்து கணக்குப் போட்டால் பிடித்துவிடலாம் என்ற ஆசை தானாக வரும். டிப்ஸ் விற்பவருக்கு அந்த ஆசைதான் முதல்.

இன்னொன்றும் உண்டு. இந்த இரவுப் பந்தயங்களில் பெரும்பாலானவை கீழ்த்தர ஹேண்டிகேப். நன்றாக ஓடுகிற குதிரைக்குக் கூடுதல் பாரம், சுமாரானதுக்குக் குறைந்த பாரம் என்று ஏற்றி, எல்லாம் ஒன்றாக வந்து முடிய வேண்டும் என்பதற்காகவே ஒரு அதிகாரி சம்பளம் வாங்கிக்கொண்டு எடை போடுகிறார். அதில் 'நிச்சயம்' என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே நான் எழும்பிப் போயிருக்க வேண்டும்.

போகாததற்குக் காரணம், பந்தயத்துக்கு முந்தி அவர் எழுதி அனுப்பும் முன்னோட்டம் நன்றாக இருந்தது. பொய்யாகவும் இருக்கவில்லை. கெம்ப்டன் ஒன்றுதான் வலப்பக்கம் சுற்றும் ஆல்-வெதர் மைதானம் என்பதையும், நியூகாசிலில் ஒரு மைல் ஓட்டம் வளைவே இல்லாத நேர்ப்பாதை என்பதையும் அவரிடம்தான் படித்தேன். முன்னால் ஓடும் குதிரையின் குளம்பு கிளப்பும் மணல் முகத்தில் அடித்தால் சில குதிரைகள் ஓட மறுக்கும் என்பார். "தம்பி, குதிரையைப் பாக்க முந்தி ஸ்டால் நம்பரைப் பாருங்கோ. வொல்வர்ஹம்டன் ஏழு பர்லாங்கில வெளி ஸ்டாலில நிண்டால் வளைவு வந்திடும், உள்ளுக்கு வர இடமிராது" என்று ஒருநாள் அனுப்பினார். (ஸ்டால் என்றால் குதிரை ஓடத் தொடங்கும் அடைப்பு; ஒரு பர்லாங் ஏறக்குறைய 200 மீட்டர்.) சரியான பேச்சு. சொன்னதெல்லாம் சரியாக இருந்ததால் விற்றதும் சரியாக இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

சேர்ந்த அன்றே ஒரு நிபந்தனை. பந்தயக் கணக்கை அவர் தரும் லிங்க்கால்தான் திறக்க வேண்டும். எனக்கு ஏற்கெனவே வேறு ஒரு கம்பனியில் கணக்கு இருக்கிறது என்றேன். "அது வேண்டாம் தம்பி, இதில ரேட் நல்லா இருக்கும்." இந்த லிங்க் விஷயத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். பல பந்தயக் கம்பனிகள், தங்களிடம் ஆள் சேர்த்துவிட்டவருக்கு அந்த ஆள் தோற்கும் காசில் ஒரு பங்கு கொடுக்கின்றன. ஒரு தரம் இல்லை, அந்த ஆள் தோற்கத் தோற்க. என்னிடம் மாதம் 49 வாங்கிக்கொண்டவருக்கு நான் வெல்வதால் ஒரு சதமும் வரப்போவதில்லை. தோற்றால் வரும்.

முதல் மூன்று கிழமை சந்தோஷமாகவே போனது. முந்தின நாள் இரவு செய்தி வரும்: இன்ன குதிரை, 8/1, அதாவது ஒரு பவுண் போட்டு வென்றால் எட்டு பவுண் லாபம். நான் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு போனைத் திறப்பதற்குள் அது 9/2, அதாவது நாலரை பவுண், ஆகியிருக்கும். இப்படிப்பட்ட சின்னப் பந்தயத்தில் சில நூறு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்குப் பத்து பவுண் போட்டாலே கம்பனி விலையைக் குறைத்துவிடும். குதிரை வென்றால் சானலில் '8/1 வெற்றி' என்று பட்டாசுப் படம் போடுவார். அந்த 8/1 எங்களில் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

கடையில் கிடந்த கொப்பி ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வந்தேன். புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை, இரவு நித்திரை வராமல் இருக்கத்தான். பதினொரு கிழமை, 64 டிப்ஸ், ஒவ்வொன்றுக்கும் பத்து பவுண். வென்றது 11. போட்டது 640, கைக்கு வந்தது 495. 145 நட்டம். அவர் போட்ட பட்டியலைத் திறந்தால் '50 டிப்ஸ், 160 பவுண் லாபம்'. தலை சுற்றியது. வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தேன். தோற்றதில் 14 செய்திகளைக் காணவில்லை, அழித்திருக்கிறார். மிச்சத்துக்கு தான் சொன்ன விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்திருக்கிறார். வென்ற 11 குதிரையும் எனக்கும் அவருக்கும் ஒன்றுதான்.

அப்போதாவது விட்டிருக்கலாம். அதற்கு முன்பே ஒரு அறிகுறி கிடைத்திருந்தது. டிசம்பரில் ஒரு சவுத்வெல் முன்னோட்டத்தில் 'இங்குள்ள ஆழமான ஃபைபர்சாண்ட் மணலில்' என்று எழுதியிருந்தார். சவுத்வெல்லில் ஃபைபர்சாண்டை 2021இலேயே கிளறி எடுத்துவிட்டு டப்பேட்டா என்ற வேறு செயற்கைத் தளம் போட்டுவிட்டார்கள். எங்கிருந்தோ பழைய எழுத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார். கேட்டேன். "எழுதின பெடியன் பிழை விட்டிட்டான்" என்றார். அதுவரை எல்லாம் தான் எழுதுவதாகத்தான் சொல்லி வந்தார். சரி அண்ணை என்று விட்டுவிட்டேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. 'விஐபி உறுப்பினர்களுக்கு மட்டும், இந்தச் சீசனின் பெரிய நாப்.' நாப் என்றால் அன்றைக்கு மிக நம்பிக்கையான குதிரை. வொல்வர்ஹம்டன், ஏழு பர்லாங், பன்னிரண்டு குதிரைகள். இவர் சொன்னது 11ஆம் ஸ்டாலில் நிற்கிறது. வெளி ஸ்டால் ஆகாது என்று சொல்லித் தந்ததே இவர்தான். கேட்டபோது குரல்பதிவில் பதில் வந்தது: "இண்டைக்கு ஸ்டால் பாக்காதேங்கோ தம்பி. ஸ்டேபிளில இருந்து நேரா வந்த கதை." தோற்ற 145ஐ ஒரே அடியில் எடுத்துவிடலாம் என்ற வெறி. 300 போட்டேன். குதிரை முதல் வளைவிலேயே வெளியே அகன்று ஓடி எட்டாவதாக வந்தது.

அடுத்த நாள் காலை ஹரோவில் இருக்கும் என் கூட்டாளி போன் எடுத்தான். "மச்சான், நேற்று நாப் அடிச்சிட்டுது! உனக்கும்தானே?" அவனும் அதே சானலுக்குக் காசு கட்டுகிறான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவன் இருந்தது 'விஐபி 2', நான் 'விஐபி 4'. ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொன்னேன். 'இந்தச் சீசனின் பெரிய நாப்' என்று அதே தலைப்பு. ஸ்டேபிள் கதையும் எழுத்துப் பிசகாமல் அதுதான். குதிரையின் பெயர் மட்டும் வேறு. நாலு குழு, வெல்ல வாய்ப்புள்ள நாலு குதிரைகள். ஏதாவது ஒரு குழு துள்ளிக் குதிக்கும். வென்ற குழுவின் நன்றிச் செய்திகளை எடுத்து மற்ற மூன்று குழுவிலும் போடுவார். நான் முன்பு பார்த்துப் பொறாமைப்பட்ட படங்களில் சில இப்படி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும்.

கூட்டாளிக்கு விளக்கினேன். "உனக்கு ராசியில்லை எண்டு சொல்லு" என்றான். கையில் காசு வந்தவனிடம் என்ன பேசுவது? மூன்று கிழமை கழித்து அவனே எடுத்தான். எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டபோது அண்ணையின் கடைசிப் பதில்: "நாங்கள் தாறது தகவல் மட்டும். முடிவு உங்கட." பிறகு பிளாக். வங்கியிலோ, நீங்களாகவே அனுப்பிய காசு, கேட்ட சேவையும் கிடைத்திருக்கிறது என்றார்கள். பந்தயக் கம்பனிகளுக்கு லைசன்ஸ் கொடுக்கும் கேம்ப்ளிங் கமிஷனிடம் போகலாமென்றால், டிப்ஸ் மட்டும் விற்பவருக்கு லைசன்ஸே தேவையில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் இலக்கத்தில் முறையிட்டால், ஏமாற்று வியாபாரங்களை விசாரிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்குத் தகவல் போகும். அதைச் செய்தேன். காசு வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

யாராவது இப்படி ஒன்றில் இருந்தால் இன்றைக்கே ஒரு கொப்பி எடுங்கோ. டிப் வந்த நேரம், அவர் சொன்ன விலை, உங்களுக்குக் கிடைத்த விலை, மூன்றும் எழுதுங்கோ. செய்தி வந்த உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கோ, அழித்தால் தெரியும். லிங்க்கால் கணக்குத் திறக்கச் சொல்பவரிடம் ஒரு நிமிஷமும் நிற்க வேண்டாம். என்னைப் போல விட்டதைப் பிடிக்க ஓடத் தொடங்கியவர்கள் கேம்ஸ்டாப்பில் பதிந்தால் இங்கே லைசன்ஸ் உள்ள எல்லா ஒன்லைன் பந்தயக் கணக்குகளும் பூட்டப்படும். நான் ஆறு மாதத்துக்குப் பூட்டியிருக்கிறேன்.

போன கிழமை மருமகன் ஒரு படம் அனுப்பினான். "மாமா, இது நல்ல சானலோ?" புதுப் பெயர், புது லோகோ, மாதம் 59 பவுண். இலவச முன்னோட்டம் ஒன்றும் போட்டிருந்தார்கள். சவுத்வெல், ஆறு பர்லாங். இரண்டாம் வரியில் 'இங்குள்ள ஆழமான ஃபைபர்சாண்ட் மணலில்'.