பாக்குத்தோப்பு மோட்டாருக்கு ரிமோட் போட்டு மூணு வருஷம்

வாழப்பாடி பக்கம் எங்க தோட்டம், பாக்கும் கொஞ்சம் குச்சிக்கிழங்கும். வீட்டுக்கும் கெணத்துக்கும் 300 மீட்டருக்கு மேல வரும், வழி பூரா பாக்குமரம். ராத்திரி மூணு பேஸ் கரண்ட் வர்றப்ப அப்பா டார்ச் எடுத்துக்கிட்டு வரப்புல போவாரு, ஒரு நாள் மோட்டார் கொட்டாய் வாசப்படியிலயே கட்டுவிரியன் படுத்திருந்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணேன், ரிமோட் போட்டே ஆகணும்னு. சேலம் போய் ஒரு செட் வாங்கிட்டு வந்து நானும் எங்க ஊரு வயர்மேன் அண்ணனும் சேர்ந்து மாட்டுனோம்.

மோட்டார் 5 எச்பி, டிஓஎல் ஸ்டார்ட்டர், அதாவது மோட்டாருக்கு நேரா முழு கரண்டையும் கொடுக்கற ஸ்டார்ட்டர். வயரிங் கஷ்டமில்ல, ஆனா புரிஞ்சு பண்ணணும். ஸ்டார்ட் பண்ற பச்சை பட்டனை அமுக்கினா உள்ள பாயிண்ட் ஒட்டும், நிறுத்தற சிவப்பு பட்டன்ல பாயிண்ட் ஒட்டியே இருக்கும், அமுக்கினா பிரியும். அதனால ரிமோட் சிக்னலை வாங்கற ரிசீவர்ல இருக்கற ஸ்டார்ட் ரிலேயை (ரிலேன்னா சிக்னல் வந்ததும் தானா வேலை செய்யற ஸ்விட்ச்) பச்சை பட்டனுக்கு பேரலலா கொடுக்கணும், ஸ்டாப் ரிலேயோட ஒட்டியே இருக்கற பாயிண்ட்டை சிவப்பு பட்டன் வயர்ல சீரிஸா கொடுக்கணும். ரெண்டு ரிலேவும் பட்டனை விரலால அமுக்கி விடற மாதிரி ஒரு நொடி வேலை செஞ்சு உடனே பழைய நிலைக்கு வந்துடணும். சில செட்ல ஒட்டினா ஒட்டினபடியே நிக்கற மாதிரியும் வச்சுக்கலாம், அதை மட்டும் தயவுசெஞ்சு ஸ்டார்ட்டுக்கு வைக்காதீங்க, கரண்ட் போய் திரும்ப வந்தா மோட்டார் தானா ஓட ஆரம்பிச்சிடலாம், அந்த நேரம் கெணத்துக்குள்ள ஆள் இருந்தா என்ன ஆகும்னு நினைச்சு பாருங்க.

முதல் வாரம் வீட்டு திண்ணையில இருந்து அமுக்கினா எடுக்கவே இல்ல, பாதி தூரம் நடந்து போனா தான் எடுத்துச்சு. ரிசீவரை ஸ்டார்ட்டர் தகரப் பெட்டிக்குள்ளயே வச்சிருந்தோம், தகரத்துக்குள்ள சிக்னல் எங்க போகும்? பெட்டிக்கு வெளிய எடுத்து, ஆன்டெனா வயரை நேரா தொங்க விட்டு கொட்டாய் ஓட்டுக்கு மேல தூக்கி வச்சதும் சரியாச்சு. இந்த ரிமோட் எல்லாம் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ், அதுக்கு ஆன்டெனா வயர் சுமார் 17 சென்டிமீட்டர் நீளம் இருக்கணும், அழகா இருக்கட்டும்னு வெட்டவோ சுருட்டி வைக்கவோ கூடாது. மழை பெஞ்சு தோப்பு நனைஞ்சிருக்கறப்ப இப்பவும் ரெண்டு மூணு தடவை அமுக்க வேண்டியிருக்கு. பெட்டி மேல 1 கிலோமீட்டர்னு போட்டிருந்தாங்க, அது வெட்டவெளிக்கு தான், தோப்புக்கு இல்ல.

அப்புறம் ஒரு மாசம் கழிச்சு மோட்டார் தானா ஓடுது தானா நிக்குது. பக்கத்து காட்டுக்காரரும் அதே கடையில அதே செட் வாங்கியிருக்காரு, ரெண்டுலயும் உள்ள கோடு வைக்கற எட்டு குட்டி ஸ்விட்ச், கம்பெனி வச்ச இடத்துலயே இருந்துச்சு, அதனால அவர் ரிமோட்டுக்கு எங்க மோட்டாரும் கேட்டுச்சு. எட்டு ஸ்விட்ச்சுக்கு மொத்தமே 256 கோடு தான். மாத்தி வச்சதும் அந்த தொல்லை நின்னுச்சு. நீங்க மாட்டும்போதே ரிமோட்லயும் ரிசீவர்லயும் ஒரே மாதிரி மாத்தி வச்சுடுங்க.

ஆனா எனக்கு ரொம்ப பயம் காட்டுனது அஞ்சாவது மாசம் நடந்தது தான். ராத்திரி ஸ்டாப் அமுக்கறேன், மோட்டார் நிக்குது, உடனே திரும்ப ஓடுது. மறுபடி அமுக்கறேன், அதே கதை. ஓடிப்போய் மெயினை இறக்கிட்டு காலையில பிரிச்சு பார்த்தா ஸ்டார்ட் ரிலே பாயிண்ட் கருகி ஒட்டிக்கிட்டிருக்கு. ஸ்டார்ட்டருக்குள்ள மோட்டாருக்கு கரண்டை சேர்க்கற பெரிய ஸ்விட்ச் தான் காண்டாக்டர், அதை இழுக்கற காயில் எங்களுது 415 வோல்ட், ரிலே மேல 250 வோல்ட்னு அச்சடிச்சிருக்கு! ஒவ்வொரு தடவையும் தீப்பொறி பறந்து பறந்து ஒட்டிருச்சு. வயர்மேன் அண்ணன் காண்டாக்டர் காயிலை 230 வோல்ட்டுக்கு மாத்துனாரு, எங்களுக்கு நியூட்ரல் இருந்ததால முடிஞ்சுது, புது ரிசீவரும் போட்டோம். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஒட்டல. வாங்கறதுக்கு முன்னாடி உங்க காயில் எத்தனை வோல்ட்னு பார்த்துக்குங்க, கடையில யாரும் இதை கேக்கறதில்ல.

இன்னொன்னு. முன்னாடி அப்பா மோட்டாரை போட்டுட்டு அஞ்சு நிமிஷம் அங்கயே நிப்பாரு, சத்தத்தை வச்சே தண்ணி ஏறுதா, காத்து இழுக்குதான்னு சொல்லிடுவாரு. ரிமோட் வந்ததும் அந்த காது அங்க இல்லாம போச்சு. சித்திரை வைகாசியில எங்க கெணறு ஒன்றரை மணி நேரத்துல வத்திடும், தண்ணியில்லாம ஓடுனா மோட்டார் போச்சு. அதனால டிரை ரன் பிரிவென்டர் சேர்த்து போட்டேன், தண்ணி இல்லன்னா மோட்டார் இழுக்கற ஆம்பியர் குறையும், அதை பார்த்து அதுவே நிறுத்திடும். ஒரு பேஸ் போனா மோட்டாரை நிறுத்தற சிங்கிள் பேஸ் பிரிவென்டர் முன்னாடியே இருந்துச்சு. கொட்டாய் மேல ஒரு குச்சி நட்டு சிவப்பு எல்இடி பல்பு போட்டேன், காண்டாக்டர் வெளிய போற பேஸ்ல இருந்து எடுத்தது, காண்டாக்டர் இழுத்தா தான் எரியும். ராத்திரி திண்ணையில இருந்தே தெரியும், பகல்ல தெரியாது, பகல்ல நாங்க எப்படியும் தோப்புல தான் இருப்போம். ரிமோட்டுக்கு செலவு பண்றவங்க டிரை ரன் பிரிவென்டர், இந்த பல்பு ரெண்டுக்கும் சேர்த்து காசு எடுத்து வைங்க, இல்லன்னா ரிமோட்டே வேண்டாம்னு தான் சொல்லுவேன்.

ரிமோட்டுக்குள்ள 12 வோல்ட் குட்டி பேட்டரி, வருஷத்துக்கு ஒண்ணு மாத்தறேன். தூரம் குறைய ஆரம்பிச்சா முதல்ல அதை பாருங்க.

கெணத்துல இறங்கற அன்னிக்கு ரிமோட்டை யாரும் தொடாதீங்கன்னு சொல்றதோட நாங்க விடறதில்ல. மெயினை இறக்கி, மூணு பீஸ் கட்டையையும் பிடுங்கி அப்பா தன் இடுப்பு துண்டுல முடிஞ்சுக்கிட்டு தான் இறங்குவாரு.