ஐந்தரை இலட்சத்தில் ஒரு வீடு: இந்திய வீட்டுத்திட்டம் திருகோணமலைக்கு எப்படி?

சதுர அடிக்கு ஆயிரம் ரூபாய். இந்திய அரசின் நன்கொடையில் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தின் கணக்கு அவ்வளவுதான்: 550 சதுர அடி, 5,50,000 ரூபாய், திருப்பிக் கட்டத் தேவையிருக்கவில்லை. 2012 ஒக்டோபரில் வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்தக் கட்டத்தில் நடுவில் கொந்தராத்துக்காரர் இருக்கவில்லை. காசு பயனாளியின் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசனைப் பிடித்ததும் கல் இறக்கியதும் குடும்பத்தின் பாடு. பத்துக்கு ஏழு கொடுக்கலாம்.

ஏழு, வீட்டுக்கென்று வந்த காசு வீட்டிலேயே போய்ச் சேர்ந்ததற்கு. கட்டி விற்பவருக்குக் கொடுக்கும் சலுகை அப்படிச் சேர்வதில்லை. 2008 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டம் பெரும் முதலீட்டுத் திட்டங்களுக்கு 25 ஆண்டு வரை வரிவிலக்குக்கு இடம் வைத்தது. மாடிவீட்டு விற்பனையோ வற் வரிக்குள். 2024 இலிருந்து வற் 18 வீதம். முன்வாசலால் கொடுத்ததைப் பின்வாசலால், அதுவும் வாங்குபவரிடம் எடுக்கிறார்கள். உப்புவெளியிலோ மூதூரிலோ நாட்கூலிக்குப் போகிறவருக்கு இதில் ஒரு கதவுநிலைகூட மிஞ்சாது.

மூன்று புள்ளி குறைந்தது பணம் வந்த விதத்தால். அத்திவாரம், சுவர், கூரை என்று ஒரு கட்டம் முடிந்து, அதை வந்து பார்த்த பிறகே அடுத்த காசு வந்தது. இடையில் ஹாட்வெயார் கடைக் கடன்தான். வீடமைப்பு அதிகார சபையின் உதவியும் கட்டம் கட்டமாகத்தான் வருவதால் இந்தச் சிக்கல் பழங்கதை அல்ல.

பெரும்பாலும் சறுக்குவது அத்திவாரத்தில். "பிள்ளைக்கும் ஒரு அறை இருக்கட்டும்" என்று 700 சதுர அடிக்கு வெட்டினால் செலவு கால்வாசிக்கு மேல் கூடும். நன்கொடை ஒரு சதம் கூடாது. வீடு லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு யன்னலுக்கு மேலே வரும் கொங்கிரீட் பட்டையோடு, நின்றுவிடும். ஐப்பசியில் மழை பிடித்தால் கூரையேறாத சுவர் மார்கழி வரை நனையும். புரட்டாசிக்குள் ஓடு போட முடியாவிட்டால் சுவரைத் தொடங்காமல் மழை விட்டபின் தொடங்குவது மேல்.

கடற்கரை மணல் பக்கத்தில் கிடக்கிறது என்று அள்ளிக் கலக்கவே கூடாது. உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருவேறிய கம்பி பருத்து லிண்டலைப் பிளக்கும். ஆற்று மணல், சீமெந்து, மணல், கல் என்று 1:2:4 கலவை, கம்பியைச் சுற்றி ஓர் அங்குலக் கொங்கிரீட், ஏழு நாள் தண்ணீர்.

காணிப் பத்திரத்தையும் முதலிலேயே பாருங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ விரும்பிய இடத்தில் ஈடுவைக்கவோ முடியாது. பாதியில் காசு முடிந்தால் காணியை வைத்துச் சமாளிக்கலாம் என்ற கணக்கு அங்கே செல்லாது.

அந்த மேலதிக அறை வேண்டுமானால் இப்போதே அத்திவாரம் வெட்டாதீர்கள். அந்தப் பக்கத்தில் கூரைச் சரிவை இறக்கிவிடாமல் உயர்த்தி வையுங்கள். பிறகு ஒட்டிக் கட்டும்போது ஓட்டைப் பிரிக்க வேண்டியிருக்காது.