வீணை வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: மெழுகு இருக்க வேண்டிய இடத்தில் எபாக்ஸி, போனது ரூ.14,500

வீட்டில் வீணை இருக்கிறவங்க, பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக் கொடுக்கிறவங்க தயவுசெய்து முழுசா படிங்க. வயிறு எரிஞ்சு எழுதுறேன். 14,500 ரூபாயை வாங்கிக்கிட்டு எங்கம்மாவோட தஞ்சாவூர் வீணையைக் கெடுத்து அனுப்பியிருக்காங்க. பேர் போடல. இசைக்கருவி விற்கிற ஒரு ஆன்லைன் கடை. ரிப்பேருக்கு வீட்டுக்கே வந்து எடுத்துக்கிட்டுப் போவோம்னு விளம்பரம் பண்ற ரகம்.

வீணையில இருந்த குறை ரெண்டுதான். மெட்டுகளை, அதாவது தந்தியை அழுத்தி வாசிக்கிற குறுக்குக் கம்பிகளை, மெழுகுலதான் பதிச்சிருப்பாங்க. வெயில்ல அந்த மெழுகு இளகி மேல் ஸ்தாயி மெட்டுகள் கொஞ்சம் நகர்ந்திருந்தது. அது எல்லா வீணைக்கும் நடக்கிறதுதான், மேளம் கட்டினா, அதாவது மெழுகை இளக்கி மெட்டுகளைத் திரும்ப சுருதிக்குப் பதிச்சா, சரியாகிடும். இன்னொண்ணு, குடமும் (உருண்டையான பகுதி) தண்டியும் (நீளமான கழுத்து) சேருற இடத்துல மயிரிழை மாதிரி ஒட்டு விட்டிருந்தது.

போன்ல பேசினவர் எடுத்த எடுப்பிலேயே "ஏகாண்டமா மேடம், ஒட்டு வீணையா?"ன்னு கேட்டார். ஒரே மரத்துல குடைஞ்சதா, தனித்தனியா செஞ்சு ஒட்டினதான்னு அர்த்தம். அடுத்து "என்ன சுருதி வெச்சு வாசிக்கிறாங்க?"ன்னார். இந்த ரெண்டு கேள்வியையும் விஷயம் தெரியாதவன் கேட்க மாட்டான். அம்மா பக்கத்துல உட்கார்ந்து ஸ்பீக்கர்ல கேட்டுக்கிட்டு இருந்தாங்க, "ஆளுக்குத் தொழில் தெரியுது, குடுத்துடு"ன்னாங்க. அப்புறம்தான் அந்த ஆள் சொன்னார்: "நாங்க போடுற கலவை வெயிலுக்கு இளகவே இளகாது மேடம். இனிமே உங்களுக்கு மேளம் கட்டுற செலவே கிடையாது." "மெழுகு தானே?"ன்னு அம்மா கேட்டாங்க. "மெழுகேதான்மா, கொஞ்சம் கெட்டியா"ன்னு பதில். அந்த வார்த்தையை நம்பித்தான் 14,500 ரூபாயும் போச்சு.

வீணை திரும்பி வந்தப்போ பார்வைக்குப் பளபளன்னு இருந்தது. மெட்டுகளைத் தாங்குற கறுப்பு வரப்பு ரெண்டும் கோடு போட்ட மாதிரி நேரா. ஆனா மெழுகு வாசனையே இல்ல. அம்மா முதல் தந்தியான சாரணியை மீட்டி, அந்தர காந்தார ஸ்வரத்துக்கான மெட்டுல விரலை வெச்சாங்க. சுருதி ஏறி நின்னது. மேல் ஸட்ஜமத்துக்கிட்ட ரெண்டு மெட்டுல தந்தி ஜர்ருன்னு இரையுது. வாசிக்கிறதை நிறுத்திட்டு எழுந்து போயிட்டாங்க.

உடனே போன் பண்ணேன். "புது மேளம், வாசிக்க வாசிக்க செட் ஆகிடும்"னாங்க. இளகவே இளகாதுன்னு சொன்ன பொருள் எப்படிங்க செட் ஆகும்? அடுத்த தடவை "கூரியர்ல ஆடியிருக்கும்." அதுக்கப்புறம் "டெக்னீஷியன் ஊர்ல இல்ல." பிறகு பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டாங்க. வீடியோ அனுப்பினா, "உத்தரவாதம் ஒட்டுக்கு மட்டும்தான், சுருதிக்கு இல்ல"ன்னு ஒரு வரி. அதோட "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ். யாரு தீர்த்தது? என்னத்தைத் தீர்த்தாங்க? இப்போ என் நம்பரையே தடுத்து வெச்சிருக்காங்க.

கடைசியில தஞ்சாவூருக்கே தூக்கிட்டுப் போய் ஒரு பெரியவர்கிட்ட காட்டினோம். தலைமுறையா வீணை செய்யிற வீடு. அவர் கட்டைவிரல் நகத்தை அந்தக் கறுப்பு வரப்புல அழுத்தினார். மெழுகுன்னா தடம் விழணும், விழல. சூடு காட்டின கம்பியை வெச்சுப் பார்த்தார். இளகல, கருகின நாத்தம்தான் வந்தது. "மெழுகு இல்லம்மா இது. ரெண்டு டியூப்பைக் கலந்து பூசுவாங்களே, அந்த எபாக்ஸி. கரி கலந்து கறுப்பாக்கியிருக்கான்"னார்.

ஏன் இவ்வளவு கோபம்னு கேக்கிறவங்களுக்காகச் சொல்றேன். வீணையில 24 மெட்டு, ரெண்டு ஸ்தாயிக்கு. ஒவ்வொண்ணையும் காதால கேட்டு, ஒரு நூல் முன்ன பின்ன நகர்த்தி, ஒரு நூல் ஏத்தி இறக்கி உட்கார வெக்கணும். தந்தியோட கனம் மாறினாக்கூட அந்த இடம் மாறும். அதுக்காகத்தான் தேன்மெழுகுல கரித்தூள் கலந்து போடுறாங்க. அறுபது டிகிரி சூட்டைத் தாண்டினா தேன்மெழுகு உருகிடும், ஆறினா பிடிச்சுக்கும், எத்தனை தடவை வேணும்னாலும் திருத்தலாம். எபாக்ஸி இறுகினது இறுகினதுதான். தப்பான இடத்துல இறுகின மெட்டு தப்பாவேதான் நிக்கும். உளியால எடுத்தா தண்டியோட பலா மரமும் பேர்ந்து வரும்னு பெரியவர் கையை விரிச்சுட்டார்.

ஒட்டும் அதே கதை. எங்க வீணையில இருந்தது வஜ்ஜிரம், தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. வெதுவெதுப்பான ஈரம் காட்டினா மரத்துக்குச் சேதமில்லாம விட்டுக் கொடுக்கும். பழைய வஜ்ஜிரத்து மேலேயே புதுசைக் காய்ச்சி வெச்சா ரெண்டும் கரைஞ்சு ஒண்ணாப் பிடிக்கும். இவங்க பழைய பசையைச் சுரண்டக்கூட இல்ல, அது மேலேயே எபாக்ஸியை அப்பியிருக்காங்க. அது மரத்தைப் பிடிக்காம பழைய பசையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு ஓரம் இப்பவே விட ஆரம்பிச்சாச்சு. இதுக்கு 14,500 ரூபாய்!

நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிவு பண்ணியிருக்கேன். பணம் வருதோ இல்லையோ, விடப் போறதில்ல.

எந்தப் பசை எதுக்குன்னு விரிவா எழுதணும்னு நினைச்சேன், இப்போ மனசு இல்ல. அவசரத்துக்கு இது மட்டும்: மெட்டுக்கு மெழுகு தவிர எதையும் பூச விடாதீங்க. என்ன பசை போடுறாங்கன்னு எழுத்துல வாங்குங்க. "திரும்பக் கழட்ட முடியுமா?"ன்னு கேளுங்க, மழுப்பினா கருவியைக் கையில குடுக்காதீங்க. வயலின் வெச்சிருக்கிறவங்களுக்கும் இதேதான். மேல்பலகை விட்டா வஜ்ஜிரம் மட்டும், சொட்டு விட்டா நொடியில ஒட்டுற பசை பக்கமே போகாதீங்க, மரத்துக்குள்ள இறங்கிடும். வேலை முடிஞ்சு வாசிச்சுப் பார்க்காம முழுப் பணமும் தராதீங்க.

எபாக்ஸி போட்ட தண்டியை மரம் போகாம சுத்தம் பண்ணித் தந்த ஆசாரி யாரையாவது உங்களுக்குத் தெரிஞ்சா உள்பெட்டியில சொல்லுங்க. எந்த ஊரா இருந்தாலும் வர்றோம்.