புதிய மதர்போர்டில் விண்டோஸ் 7: நான்கு வழிகள், எது யாருக்கு?

சித்தப்பாவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்த பழைய கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது. புதிதாக ஒன்று வாங்கியாயிற்று. ஆனால் அனலைசர் மெஷினோடு பேசும் மென்பொருள் விண்டோஸ் 7-ல்தான் ஓடும். "தம்பி, மெஷின் ஓடினாப் போதும், மத்ததை நீ பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். ஒரு வாரம் உட்கார்ந்து இருக்கிற வழிகளையெல்லாம் முயன்று பார்த்தேன். ஒவ்வொன்றும் நின்றுபோன இடம் வேறு. எந்த இடத்தில் நிற்கிறது என்று கவனித்தால் பாதி வைத்தியம் முடிந்தது.

நேரடியாக நிறுவும் முதல் மூன்று வழிகளுக்கும் பொதுவானது ஒன்று: கையொப்பம் சரியாக உள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் 'செக்யூர் பூட்' அமைப்பை அணைத்துவிடுங்கள். விண்டோஸ் 7-க்கு அதைத் தெரியாது. சில போர்டுகளில் அணைக்கும் பொத்தான் இருக்காது, 'அதர் ஓஎஸ்' என்று மாற்றினால் போதும்.

முதல் வழி, பழைய பயாஸ் முறை. கம்ப்யூட்டரைத் தொடக்கிவிடும் போர்டு மென்பொருள் முன்பு பயாஸ், இப்போது யுஇஎஃப்ஐ. யுஇஎஃப்ஐக்குள் பழைய பயாஸின் வேலையைச் செய்து கொடுக்கும் பகுதிக்கு சிஎஸ்எம் என்று பெயர். அதை இயக்கி, டிஸ்க்கை எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் பிரித்தால், பூட் ஃபைல் தொல்லையே வராது. பழைய நாளில் செய்த மாதிரியே போகும். 32 பிட் விண்டோஸ் 7 வேண்டுமென்றால் நேரடியாக நிறுவ இது ஒன்றுதான் வழி, ஏனென்றால் அதன் 32 பிட் பதிப்பு யுஇஎஃப்ஐயில் பூட் ஆகாது. 16 பிட் காலத்து மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். குறை என்னவென்றால், என்விஎம்இ என்ற புது வகை வேக டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றில், பழைய முறையில் பூட் ஆவதற்கான ரோம், அதாவது உள்ளேயே பதிந்த சிறு நிரல், கிடையாது. விண்டோஸை ஏற்ற, பழைய வகை இணைப்பான சாட்டா டிஸ்க் வேண்டும். இன்னொன்று, டிஸ்க் ஏற்கெனவே ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் இருந்தால் 'இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது' என்று செட்டப் நின்றுவிடும். ஷிஃப்ட்டும் எஃப்10-ம் அழுத்தினால் கட்டளைத் திரை வரும், அதில் டிஸ்க்பார்ட் கருவியைத் திறந்து 'க்ளீன்' கொடுத்தால் சரியாகும். ஆனால் டிஸ்க்கில் உள்ளதெல்லாம் போய்விடும், அதனால் எந்த டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு தடவை பாருங்கள்.

இரண்டாவது வழி, யுஇஎஃப்ஐயில் பூட் செய்வது, ஆனால் சிஎஸ்எம்மையும் இயக்கியே வைத்திருப்பது. சிஎஸ்எம் உள்ள போர்டாக இருந்தால், 64 பிட் விண்டோஸ் 7-க்கு நான் சொல்வது இதைத்தான். ஜிபிடி டிஸ்க், என்விஎம்இ இரண்டுமே கைகொடுக்கும். தொல்லை பூட் ஃபைலில்தான் தொடங்குகிறது. டிவிடியில் உள்ளதை அப்படியே பென்டிரைவில் போட்டால் பூட் மெனுவில் யுஇஎஃப்ஐ என்ற பெயரோடு பென்டிரைவ் வரவே வராது. காரணம் எளிது. யுஇஎஃப்ஐ பென்டிரைவில் தேடுவது 'இஎஃப்ஐ' ஃபோல்டருக்குள் 'பூட்' ஃபோல்டர், அதற்குள் 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ'. விண்டோஸ் 7 டிவிடியில் 'இஎஃப்ஐ' ஃபோல்டர் உண்டு, அந்த ஃபைல் மட்டும் இல்லை.

அது எங்கே இருக்கிறது என்றால், நிறுவல் படத்துக்குள்ளேயே, அதாவது விண்டோஸ் முழுவதும் சுருக்கி அடைத்த பெரிய ஃபைலுக்குள்ளேயே, இருக்கிறது. 'சோர்சஸ்' ஃபோல்டரில் உள்ள 'இன்ஸ்டால்.விம்' ஃபைலை 7-ஸிப்பில் திறந்து, 'விண்டோஸ்', 'பூட்', 'இஎஃப்ஐ' என்று உள்ளே போனால் 'பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ.இஎஃப்ஐ' கிடைக்கும். அதை வெளியே எடுத்து, பெயரை 'பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ' என்று மாற்றி, சொன்ன இடத்தில் வையுங்கள். பென்டிரைவ் எஃப்ஏடி32 ஆக இருக்க வேண்டும். ரூஃபஸ் மென்பொருள் இந்த வேலையைத் தானே செய்துவிடும், ஆனால் ஒரு தடவை கையால் செய்து பார்த்தவருக்கு அடுத்த தடவை எங்கே தேடுவது என்று தெரியும்.

அப்புறம் யுஎஸ்பி. இந்தத் தொல்லை முதல் மூன்று வழிகளுக்கும் உண்டு. இன்டெல் 100 வரிசை சிப்செட்டிலிருந்து பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரை எடுத்துவிட்டார்கள். விண்டோஸ் 7-ல் யுஎஸ்பி 3 டிரைவர் இல்லை. அதனால் செட்டப் திரை வந்த பிறகு மவுஸும் கீபோர்டும் செத்துக் கிடக்கும், அல்லது 'சிடி, டிவிடி டிரைவர் இல்லை' என்று கேட்கும். டிவிடியில் கோளாறு என்று நினைத்துப் பலர் புது டிவிடி எழுதுகிறார்கள். தேவைப்படுவது யுஎஸ்பி டிரைவர். அதை, செட்டப்பை ஓட்டும் 'பூட்.விம்' ஃபைலின் இரண்டாவது படத்திலும் 'இன்ஸ்டால்.விம்'மிலும் விண்டோஸின் டிஸ்ம் கருவியால் சேர்க்க வேண்டும். என்விஎம்இக்கு மைக்ரோசாஃப்டின் கேபி2990941 என்ற அப்டேட்டையும் சேர்க்க வேண்டும். புதிய டிரைவர்கள் ஷா-2 என்ற புது வகை டிஜிட்டல் கையொப்பம் கொண்டவை, அதனால் கேபி4474419 அப்டேட்டும் வேண்டும். இல்லாவிட்டால் 428 என்று முடியும் பிழை எண்ணோடு பூட் நிற்கும். எல்லாம் சேர்த்ததும் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டினால் எஃப்ஏடி32 ஏற்காது. விண்டோஸ் 10-ல் வரும் டிஸ்மிலேயே இரண்டு துண்டாகப் பிரித்துவிடலாம், செட்டப் துண்டுகளைப் படிக்கும்.

நிறுவி முடிந்து, ரீஸ்டார்ட் ஆனதும் நேராக பயாஸ் திரைக்கே போகிறதா? சில போர்டுகள் விண்டோஸ் எழுதிய பூட் பதிவைக் கண்டுகொள்ளாது. டிஸ்க்கின் இஎஃப்ஐ பகுதியிலும் அதே 'பூட்எக்ஸ்64' ஃபைலை வைத்தால் ஏறிவிடும். பூட் ஃபைல்களை முதலிலிருந்து எழுத வேண்டுமென்றால் விண்டோஸ் 10 பென்டிரைவில் பூட் செய்து, அதன் பிசிடிபூட் கட்டளையைப் பயன்படுத்துங்கள். யுஇஎஃப்ஐக்குத்தான் எழுத வேண்டும் என்று குறிப்பிட உதவும் '/எஃப்' வசதி விண்டோஸ் 8-லிருந்துதான் வந்தது.

மூன்றாவது வழி, சிஎஸ்எம்மே இல்லாத போர்டு. ஃபைல்கள் எல்லாம் சரியாக இருந்தும் 'ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' திரையில் அப்படியே உறைந்துவிடும். இது பூட் ஃபைல் கோளாறு இல்லை. யுஇஎஃப்ஐயில் பூட் ஆனாலும் விண்டோஸ் 7 திரையில் படம் காட்ட, பழைய பயாஸின் 'இன்ட் 10' சேவையைக் கூப்பிடுகிறது. அதைக் கொடுக்க சிஎஸ்எம் இல்லை. இரண்டாவது வழியில் சிஎஸ்எம்மை இயக்கி, வீடியோ ரோமை 'லெகஸி' என்று வைக்கச் சொல்வதும் இதற்காகத்தான். சித்தப்பாவின் போர்டில் தனி கிராஃபிக்ஸ் கார்டு செருகினால் மட்டுமே சிஎஸ்எம் எட்டிப் பார்த்தது, கார்டை எடுத்தால் காணாமல் போனது.

இதற்கு யுஇஎஃப்ஐசெவன் என்ற சின்ன லோடர் இருக்கிறது. அசல் ஃபைலின் பெயரில் '.ஒரிஜினல்' சேர்த்துவிட்டு, அதன் இடத்தில் இதை வைத்தால், 'இன்ட் 10' சேவையைத் தானே உருவாக்கிவிட்டு அசலைக் கூப்பிடும். பென்டிரைவில் ஒரு தடவை, நிறுவிய டிஸ்க்கில் ஒரு தடவை செய்ய வேண்டும். வேலை செய்கிறது. எனக்கும் டெஸ்க்டாப் வந்தது. ஆனால் ஏற்ற கிராஃபிக்ஸ் டிரைவர் கிடைக்காததால் திரை மட்டமான தெளிவில் நின்றது. பூட் ஃபைலை யாராவது பழுதுபார்க்கிறேன் என்று திரும்ப எழுதினால், இந்த லோடர் அழிந்து மறுபடியும் உறையும். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் இதை வைத்துவிட்டு வர எனக்கு மனம் வரவில்லை.

நான்காவது, விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-ஓ லினக்ஸோ போட்டு, உள்ளே விர்ச்சுவல்பாக்ஸில் விண்டோஸ் 7. அதற்குள் இருப்பது பழைய பயாஸ், பழைய டிஸ்க் கன்ட்ரோலர், அதனால் மேலே சொன்ன எந்தத் தொல்லையும் கிடையாது. 32 பிட்டும் ஓடும். விர்ச்சுவல்பாக்ஸுக்குப் பதில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி பயன்படுத்துபவர்கள் முதல் தலைமுறை மெஷினைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், இரண்டாம் தலைமுறை யுஇஎஃப்ஐ மட்டும் கொண்டது, விண்டோஸ் 7-ஐ ஏற்காது. விர்ச்சுவல்பாக்ஸில் சீரியல் போர்ட்டையும் யுஎஸ்பி கருவிகளையும் உள்ளே இணைத்துவிடலாம். ஸ்லாட்டில் செருகும் பிசிஐ கார்டு என்றால் இது சரிப்படாது, முதல் வழிக்கோ இரண்டாவது வழிக்கோதான் போக வேண்டும்.

சித்தப்பாவின் அனலைசர் சீரியல் கேபிளில் பேசுவது. அதனால் விர்ச்சுவல் மெஷினில்தான் முடித்தேன். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2020 ஜனவரி 14-லேயே முடிந்துவிட்டது, ஆகவே உள்ளே இருக்கும் மெஷினுக்கு நெட்வொர்க் இணைப்பே கொடுக்கவில்லை. விர்ச்சுவல் மெஷின் முழுவதையும் ஒரு வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, பீரோவில் வைத்திருக்கிறோம். முதல் ரிப்போர்ட் பிரின்டரிலிருந்து வந்தபோது சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணையும் மெஷின் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.