மூன்று தேன், ஒரு மேசை

எங்கள் வீட்டு மேசையில் இப்போது மூன்று தேன். மாங்குளம் பக்கம் ஏ9 வீதியோரம் வாங்கிய வன்னித் தேன், பழைய சாராயப் போத்தலில். பண்டாரவளைப் பெட்டித் தேன். பிறகு, கனடாச் சித்தி சேலைக்குள் சுற்றிக் கொண்டுவந்த குளோவர் பூத் தேன்.

கனடாத் தேனைப் பிரிஜ்ஜுக்குள் வைத்தோம். அது வெள்ளையாய் உறைந்ததும் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "சீனி கலந்திருக்கிறாங்கள்." பாவம், அந்தத் தேன். குளுக்கோஸ் கூடிய தேன் உறையத்தான் செய்யும், அதுவும் 14 பாகை செல்சியஸை அண்டிய குளிரில் வெகு வேகமாக. யாழ்ப்பாண வெயிலில் வெளியே நிற்கும் வன்னிப் போத்தல் உறையாததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. சுத்தத் தேனா என்று அறியத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நாய் நக்குதா என்று பார்ப்பது எல்லாம் இதே கணக்குத்தான், ஒன்றையும் நம்ப ஏலாது.

ருசிக்கு வருவோம். வெளிறியதிலிருந்து கறுத்ததற்குப் போக வேண்டும், இடையில் ஒரு மிடறு வெறுந்தண்ணீர். குளோவர் நுனிநாக்கில் இனித்து, தொண்டைக்கு வருமுன் முடிந்துவிடுகிறது. கோபமே வராத மனுசரைப் போல. பாணுக்கு நல்லது, அவ்வளவுதான்.

பண்டாரவளைத் தேனில் யூக்கலிப்டஸ் மணம் இலேசாக அடிக்கிறது. பெட்டியில் வளர்வது பொந்துகளில் அடுக்கடுக்காய்த் தேன்வதை கட்டும் நம்மூர்த் தேனீதான். வதையைப் பிழியாமல் சுழற்றி எடுப்பதால் தேன் தெளிவாக இருக்கிறது. இஞ்சித் தேத்தண்ணிக்கு இதை விட்டால் வேறு வேண்டாம்.

வன்னித் தேனை மூக்கருகே கொண்டுபோனாலே முதலில் புகை மணக்கிறது. பிறகு காடு. இனிப்புக்குப் பின்னால் ஒரு புளிப்பு, கடைசியில் நாக்கின் அடியில் நிற்கும் மெல்லிய கசப்பு. பாலையும் வீரையும் இன்னும் பெயர் தெரியாத கொடிகளும் பூக்கும் காட்டில், உயரக் கிளைகளில் ஒற்றை வதையாய்த் தொங்கவிடும் பெருந்தேனீயின் தேன் இது. கையால் பிழிவதால் மகரந்தமும் சேர்ந்து கலங்கல். ஒரு போத்தலைப் போல மறு போத்தல் இருக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

அதற்கொரு குணக்கேடும் உண்டு. தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது சர்வதேசத் தரம். பெருந்தேனீத் தேன் அதைத் தாண்டுவது வழக்கம். தாண்டினால் ஈஸ்ட் வேலை தொடங்கும், நுரைக்கும். போன வருசம் நான் இறுக்கி மூடிய போத்தல் நடுராத்திரியில் 'படார்' என்று மூடியைக் கழற்றியது. கள்ளத்தேன் என்று அயலெல்லாம் பேச்சு. கள்ளத்தேன் இல்லை, ஈரத்தேன். சிலர் காய்ச்சி வைக்கிறார்கள். காய்ச்சினால் அந்தக் காட்டு மணம் போய் வெறும் பாணிதான் மிஞ்சும். அளவாய் வாங்கிப் பிரிஜ்ஜில் வைத்துக் கெதியாய் முடிப்பதுதான் வழி.

தினைமாவில் மூன்றையும் தனித்தனியே குழைத்துப் பார்த்தேன். மற்ற இரண்டும் மாவுக்கு இனிப்புத்தான் கொடுத்தன. வன்னித் தேன் விட்ட உருண்டையை அம்மா இரண்டாம் தரமும் எடுத்தார்.

சித்தி அடுத்த கிழமை திரும்பிப் போகிறார். அவர் கேட்பதும் வன்னித் தேன்தான். மூடி வெடித்த கதையைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அரைப்போத்தல் மட்டும் விட்டுத் தா" என்றார்.