இணைந்த கணிதத்துக்கு டவுன் வகுப்பா, ஸூமா, பாஸ்ட் பேப்பரா?

ஓ/எல் (சாதாரண தர) ரிசல்ட் வந்து, ஏ/எல்லுக்கு (உயர்தரத்துக்கு) இணைந்த கணிதம் படிக்கிற கணிதப் பிரிவு என்று முடிவானதும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி "எந்த சேரிட்ட விடுறது?" என்பதுதான். பிள்ளைகளின் கேள்வி வேறு. டவுனுக்கு வகுப்புக்குப் போவதா, வீட்டில் இருந்தபடி ஸூமில் படிப்பதா, இல்லை பாடசாலையோடு நிறுத்திக்கொண்டு பாஸ்ட் பேப்பரை, அதாவது கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களைப் பிடிப்பதா என்று கேட்கிறார்கள். மூன்று வழியிலும் போன பிள்ளைகளின் கொப்பிகளைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியரியை யாரிடம் படித்தாலும் பரவாயில்லை, எந்த ஏற்பாடு உங்கள் கையால் கணக்குச் செய்ய அதிக நேரம் விட்டுவைக்கிறதோ அதை எடுங்கள். இரண்டாவது டியூசன், மூன்றாவது டியூசன் எல்லாம் இந்த நேரத்தைத்தான் தின்கின்றன.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு வினாத்தாளைப் பார்த்தாலே போதும். தாள் ஒன்று தூய கணிதம், தாள் இரண்டு பிரயோக கணிதம், ஒவ்வொன்றும் 3 மணித்தியாலம், அதற்கு முன் 10 நிமிடம் மேலதிக வாசிப்பு நேரம். ஏ பகுதியில் 10 வினா, எல்லாமே செய்ய வேண்டும், ஒன்றுக்கு 25 புள்ளி. பி பகுதியில் 7 வினா இருக்கும், 5 செய்தால் போதும், ஒன்றுக்கு 150. ஒரு தாளுக்கு மொத்தம் 1000. 180 நிமிடத்தைப் புள்ளிக்குப் பங்கிட்டுப் பாருங்கள், ஏ பகுதி வினா ஒன்றுக்கு நாலரை நிமிடமும் பி பகுதி வினா ஒன்றுக்கு 27 நிமிடமும்தான் வரும். அந்த 27 நிமிடத்துக்குள் தொகையீட்டு வினாவில் பகுதிப் பின்னமாக்கி, அடுத்த உப பகுதியில் பகுதிகளாகத் தொகையிட்டு, கடைசியில் ஒரு பிரதியீட்டையும் செய்து முடிக்க வேண்டும். இந்த வேகம் நல்ல சேர் விளங்கப்படுத்துவதைக் கேட்டு வராது. எழுதி எழுதித்தான் வரும்.

சரி, டவுன் வகுப்பு. மட்டக்களப்பு டவுன், களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று நமக்கு வகுப்பு நடக்கும் இடங்கள் தெரியும். இதன் பெரிய பலம் பிரயோக கணிதத்தில் தெரியும். ஆப்பின் மேல் துணிக்கை வழுக்குகிற கணக்கில் ஆப்பின் ஆர்முடுகல் எந்தப் பக்கம், துணிக்கையின் ஆர்முடுகல் ஆப்புச் சார்பாக எந்தப் பக்கம், பூமி சார்பாக என்ன என்று பலகையில் படம் கீறி அம்புக்குறி போட்டு ஒருவர் கண்முன்னால் காட்டும்போது வருகிற விளக்கம் புத்தகத்தில் வாசித்து வருவதில்லை. விளங்காத இடத்தில் கையை உயர்த்தலாம், முகத்தைப் பார்த்தே சேர் திருப்பிச் சொல்லுவார். ஆனால் இது சின்ன வகுப்புக்குத்தான் பொருந்தும். மண்டபம் நிறையப் பிள்ளைகளை வைத்து மைக்கில் நடத்துகிற வகுப்பில் யாரும் யாருடைய கொப்பியையும் பார்ப்பதில்லை, அங்கே இருப்பதும் வீடியோ பார்ப்பதும் ஏறக்குறைய ஒன்று. அப்புறம் பயணம். வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பிள்ளைக்கு இது சின்ன விடயம் இல்லை. வெல்லாவெளிப் பக்கமிருந்தோ கொக்கட்டிச்சோலையிலிருந்தோ பஸ் பிடித்து, மண்டூரென்றால் குருமண்வெளித் துறைக்கு வாவியைக் கடந்து, வகுப்புக்குப் போய்த் திரும்பும்போது ஒரு நாளின் பாதி போய்விடும். பிள்ளை களைத்து வந்து படுக்கும். அன்றைக்குக் கொடுத்த வீட்டு வேலை அடுத்த வகுப்புக்கு முதல் நாள் ராத்திரி யாருடையதோ கொப்பியைப் பார்த்து நிரம்பும். பயணத்தில் போனது போக வீட்டில் தனியாகக் கணக்குச் செய்ய ஒன்றரை இரண்டு மணித்தியாலமாவது மிஞ்சவில்லையென்றால் அந்த வகுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குப் பொருந்தாது.

ஸூம் இந்தப் பயணத்தை அப்படியே நீக்கிவிடுகிறது. பொத்துவிலில் இருக்கிற பிள்ளை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருக்கிற ஆசிரியரிடம் படிக்கலாம், ரெக்கோடிங்கை நிறுத்தி நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம். காசும் குறைவு, பஸ் காசு இல்லை, டேட்டாவும் ஒரு நல்ல போனும் இருந்தால் போதும். பெண் பிள்ளைகள் இருட்டினபிறகு வகுப்பு முடித்து வர வேண்டியதில்லை என்பதும் நமது பக்கத்தில் பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். இவ்வளவும் உண்மை. ஆனால் கமராவை மூடிவைத்துக்கொண்டு சேர் செய்கிற கணக்கைக் கொப்பியில் அழகாக இறக்கும் பிள்ளைக்கு, எல்லாம் விளங்கிவிட்டது என்ற எண்ணம் வந்துவிடும். திரையை மூடிவிட்டு அதே கணக்கை வெறும் தாளில் செய்யச் சொல்லுங்கள், மூன்றாவது வரியில் நிற்கும். ஆகவே ஸூமை எடுத்தால் ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். சேர் வினாவைத் திரையில் போட்டதும் நிறுத்தி நீங்களே பத்து நிமிடம் முயலுங்கள், பிறகு ரெக்கோடிங்கை ஓடவிடுங்கள். நேரடி வகுப்பில் செய்ய முடியாததை ஸூம் தருவது இந்த இடத்தில்தான், பிள்ளைகள் பெரும்பாலும் பாவிக்காத வசதியும் இதுதான்.

பாடசாலையை யாரும் ஒரு தெரிவாகவே எண்ணுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கணிதப் பிரிவு எல்லாப் பாடசாலையிலும் இல்லை, 1ஏபி தரத்தில்தான் இருக்கிறது, அதுவும் நமது இரண்டு மாவட்டங்களிலும் கரையோரத்தில்தான் கூடுதலாக இருக்கிறது. அப்படியொரு பாடசாலையில் இடம் கிடைத்து, இணைந்த கணிதத்துக்கு ஒழுங்காக வகுப்பெடுக்கும் ஆசிரியரும் இருந்தால், ஒவ்வொரு நாளும் உங்கள் கொப்பியைக் காட்டித் திருத்தக்கூடிய ஒரே ஆள் அவர்தான், அதுவும் ஒரு சதம் செலவில்லாமல். டியூசனில் முதலே படித்துவிட்டோம் என்று பாடசாலையில் பின்வாங்கில் இருந்து டியூசன் வீட்டு வேலையைச் செய்கிற பழக்கம் இரண்டையும் கெடுக்கிறது.

இனி பாஸ்ட் பேப்பர். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கடைசி வருடத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் புள்ளியைக் கூட்டுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போதைய பாடத்திட்டத்தின் முதல் பரீட்சை 2019இல் நடந்தது. அதற்குப் பிந்திய தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் பி பகுதியில் எந்த இலக்கத்தில் எந்த அலகு வருகிறது என்பது பெரிதாக மாறுவதில்லை. தாள் ஒன்றில் 13 என்றால் தாயமும் சிக்கலெண்ணும், 14 என்றால் வகையீடும் வரைபும், 16 நேர்கோடும் வட்டமும், 17 திரிகோணகணிதம். தாள் இரண்டில் 13 எளிமை இசை இயக்கம், 15 மூட்டிய கோல்களும் சட்டப்படலும், 16 திணிவு மையம், 17 நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும். தாள் ஒன்றின் ஏ பகுதியில் முதல் வினா கணிதத் தொகுத்தறிவு. இதைத் தெரிந்துகொண்டு தாள் இரண்டின் 16ஐ மட்டும் எல்லா ஆண்டுகளிலும் அடுத்தடுத்துச் செய்த பிள்ளைக்கு அந்த வினாவின் நடை பிடிபட்டுவிடும். முதலில் அரைக்கோளம், கூம்பு போன்ற ஒன்றின் திணிவு மையத்தைத் தொகையீட்டால் காட்டச் சொல்லுவான், பிறகு அதை வேறொன்றோடு ஒட்டுவான் அல்லது வெட்டி எடுப்பான், கடைசியில் ஒரு புள்ளியிலிருந்து தொங்கவிட்டோ தளத்தில் வைத்தோ சமநிலை கேட்பான். இது டியூசன் குறிப்பில் இருந்து வருகிற அறிவு இல்லை.

பேப்பரைவிட முக்கியமானது பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டம். பீடிஎஃப் ஆகவே கிடைக்கிறது, ஆனால் பேப்பர் வைத்திருக்கிற அளவுக்கு இதைப் பிள்ளைகள் வைத்திருப்பதில்லை. தொகுத்தறிவு வினாவையே எடுங்கள். 25 புள்ளியும் ஐந்து ஐந்தாகப் பிரியும். n = 1 ஆகும்போது உண்மை என்று இரண்டு பக்கமும் தனித்தனியே காட்டினால் ஐந்து, n = p ஆகும்போது உண்மை என்று எடுகோளை எழுதினால் ஐந்து, n = p + 1 ஆகும்போது உண்மை என்று நிறுவும் படிகளுக்குப் பிறகு கடைசியில் "ஆகவே கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் நிறைவெண்களுக்கும் உண்மை" என்ற முடிவு வசனத்துக்கும் புள்ளி இருக்கிறது. கணக்கை முழுதாகச் செய்துவிட்டு இந்த வசனத்தை எழுதாமல் விடுகிற கொப்பிகளை அடிக்கடி காண்கிறேன். சட்டப்படலும் அப்படித்தான். போவின் குறிப்பீட்டில் (கோல்களுக்கு இடையிலான வெளிகளுக்கு எழுத்து இடும் முறை) தகைப்பு வரிப்படம் சரியாகக் கீறியிருக்கும், பருமனும் சரியாக இருக்கும், ஆனால் எந்தக் கோலில் இழுவை, எந்தக் கோலில் உதைப்பு என்று குறிப்பிட்டிருக்காது. விடை சரியா பிழையா என்று மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு இந்த இழப்பு ஒருபோதும் தெரியவராது. திட்டத்தை அருகில் வைத்து வரி வரியாகத் திருத்தினால் ஒரே மாதத்தில் விடை எழுதுகிற முறையே மாறும்.

மாதிரி வினாத்தாள்களும் இருக்கின்றன. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைத் தாள்கள் அலகு முடிய முடியச் செய்ய நல்லவை. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சை மண்டபத்தில் இருந்து எழுதுகிற அனுபவத்தைத் தருகிறது, அதைத் தவறவிடாதீர்கள். ஆனால் வரிசை முக்கியம். பாஸ்ட் பேப்பர் முதலில், மாதிரித் தாள் பிறகு. சில தனியார் மாதிரித் தாள்கள் தேவைக்கு மேல் நீளமாகவும் சுற்றிவளைத்தும் இருக்கும், அதை முதலில் தொட்டு 30 புள்ளி எடுத்த பிள்ளை தனக்குக் கணிதம் வராது என்று முடிவுகட்டி உயிரியலுக்கு மாறப்போகிறது.

தனியே பாஸ்ட் பேப்பரை மட்டும் நம்புவது சரிவருமா? முதல் வருடத்தில் சரிவராது. தியரி இல்லாமல் திட்டத்தைப் பார்த்தால் விடையை மனனம் செய்வதாகத்தான் முடியும். ஆகவே எனது பங்கீடு இப்படி. டவுனில் இருந்து, பாடசாலையில் நல்ல ஆசிரியரும் இருந்தால் தூய கணிதத்துக்குப் பாடசாலை போதும், பிரயோகத்துக்கு ஒரு சின்ன நேரடி வகுப்பு. படுவான்கரையிலோ பொத்துவில், திருக்கோவில் பக்கத்திலோ இருந்தால் தியரிக்கு ஸூம், அதோடு ஊரில் அதே பாடம் படிக்கிற இரண்டு மூன்று பேர் வாரத்தில் ஒரு நாள் ஒன்றுகூடிப் பேப்பர் செய்வது. இந்தக் கூட்டுப் படிப்பு டியூசன் அளவுக்குப் பெறுமதியானது. ஒருவர் பேப்பரை மற்றவர் புள்ளியிடும் திட்டத்தை வைத்துத் திருத்தும்போது நம் கண்ணுக்குத் தெரியாத பிழை அவருக்குத் தெரியும்.

எஸ் எடுத்தால் போதும் என்று பயந்துகொண்டிருக்கிற பிள்ளைகளுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். சாதாரண சித்திக்கு 35 வேண்டும், அதாவது ஒரு தாளுக்குச் சராசரி 350. ஏ பகுதி முழுதும் 250. மிச்சம் 100, அது ஒரு பி வினாவின் மூன்றில் இரண்டு. ஏ பகுதியைத் தினமும் ஐந்து வினாவாகச் செய்து, பி பகுதியில் தாளுக்கு மூன்று அலகைத் தெரிந்து ஆழமாகப் படித்தால் 35 எட்டாத உயரம் இல்லை. தாள் இரண்டின் 17ஐ அந்த மூன்றில் ஒன்றாக வையுங்கள். புள்ளிவிபரவியல் பகுதியை இயக்கவியல் போல யாரும் மதிப்பதில்லை, ஆனால் இடையும் நியம விலகலும் ஒழுங்காகக் கணிக்கத் தெரிந்தால் அங்கே புள்ளி நிச்சயம்.

பிள்ளையை யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தக் கடைசிப் பட்டியலிலும் இருக்கின்றன. பாடசாலை மாறினால் எந்த மாவட்டத்தில் கணக்கெடுப்பார்கள் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வாசிக்காமல் இடம் மாற்றாதீர்கள். படிப்பின் தரத்துக்காக மட்டும் என்றால், ஸூம் வந்தபிறகு அந்தத் தேவை மிகக் குறைந்துவிட்டது.

மழையையும் கணக்கில் எடுங்கள். 2024இல் பரீட்சை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கி, வெள்ளத்தால் சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டு டிசம்பரில்தான் தொடர்ந்தது. நவம்பர் என்றால் நமக்கு மாரி, கரண்ட் போகும், சிக்னல் போகும், தாழ்ந்த வீதிகள் தண்ணீருக்குள் போகும். கடைசி இரண்டு மாதத்தை ரெக்கோடிங்கிலும் போனில் கிடக்கிற பீடிஎஃபிலும் வைத்திருக்கிற பிள்ளை அந்த நாட்களில் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பரீட்சைக்கு இரண்டு மாதத்துக்கு முன்பே எல்லாப் பேப்பரையும் திட்டத்தோடு போட்டோகொப்பி எடுத்துக் கட்டி வைத்துவிடுங்கள். பஸ் ஓடாவிட்டாலும் ஒரு மேசையும் விளக்கும் இருந்தால் வேலை நடக்கும்.

கட்டும்போது கடைசி இரண்டு ஆண்டுகளின் தாள்களை மட்டும் தனியே எடுத்து வையுங்கள், இடையில் எட்டிப் பார்க்காதீர்கள். மிச்சத்தை அலகு அலகாகப் பிரித்துச் செய்து முடித்தபிறகு, பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்த இரண்டையும் காலை எட்டரைக்கு மணிக்கூட்டை வைத்து, 10 நிமிடம் வாசித்து எந்த ஐந்து வினா என்று அடையாளம் போட்டு, 3 மணித்தியாலம் எழும்பாமல் இருந்து எழுதுங்கள். நேரம் முடிந்ததும் பேனையை வைத்துவிட்டு, கூட்டாளியிடம் கொடுத்துத் திருத்துவியுங்கள்.